பம்ப் ஸ்டவ்வும் பழைய படகு எஞ்சினும்

காற்றடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை மூட்டிப் பழகிய கைக்கு, கற்பிட்டிக் கரையில் நிற்கும் பழைய படகு எஞ்சினின் பாதி சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். காஸ் சிலிண்டர் வீட்டுக்கு வருமுன்பு நம் குசினிகளில் இருந்த அந்தப் பித்தளை ஸ்டவ்வை நினைத்துப் பாருங்கள். கீழே எண்ணெய்த் தாங்கி, பக்கத்தில் பம்ப், மேலே பர்னர், நடுவில் ஊசித் துளை போட்ட நிப்பிள். எடுத்த எடுப்பில் தீக்குச்சியைக் காட்டினால் அது ஒழுங்காகப் பற்றாது. பர்னருக்குக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும். பர்னர் நன்றாகச் சூடேறிய பிறகு பம்பை அடித்தால், மேலே ஏறும் மண்ணெண்ணெய் சூடான குழாய்க்குள்ளேயே ஆவியாகி, நிப்பிள் வழியாகச் சீறிக்கொண்டு வந்து நீலச் சுடராக நிற்கும். அவசரப்பட்டால் மஞ்சள் தீ எழும், சட்டியின் அடி கரி பிடிக்கும், வீடெல்லாம் நாறும்.

அந்த ஸ்டவ்வின் விதி ஒன்றுதான். மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்வரை முரண்டு பிடிக்கும். ஆவியானால் அடங்கி எரியும். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், நுரைச்சோலை, கற்பிட்டி என்று வடக்கே போனால் கரை நெடுகக் காணும் கண்ணாடியிழைப் படகுகளில் பல இந்த விதியை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. பெரும்பாலும் 18 முதல் 23 அடி நீளமான படகுகள். பின்பலகையில் தொங்குவது 8, 15, 25 அல்லது 40 எச்.பி. எஞ்சின்.

இங்கே எஞ்சினை நம்பாமல் பிழைக்க முடியாது. புத்தளம் களப்பின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர். கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தக் களப்பு, வடக்கே டச்சுக் குடா, போர்த்துக்கல் குடா வழியாக மன்னார் வளைகுடாவோடு கலக்கிறது. குடாநாட்டின் நுனியைத் தாண்டினால் இப்பன்தீவு, பத்தலங்குண்டு என்று தீவுகள். அங்கே வாடி என்ற தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்கிறவர்களுக்கு அரிசி, தண்ணீர், ஐஸ், எரிபொருள் எல்லாம் படகில்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து மேற்குக் கடல் கலங்கும் மாதங்களில் உடப்புத் தொழிலாளர்கள் கிழக்குக் கரைக்குப் போய்த் தொழில் பார்ப்பது நெடுநாள் வழக்கம். போகிற இடமெல்லாம் எஞ்சினும் கூடவே போகிறது. லொறியில் ஏறி, மணலில் கிடந்து, தோளில் தூக்கப்பட்டு, உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க ஓடுகிற பொருள் அது.

அதனால்தான் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இந்தக் கரையில் ஒரு தனி மரியாதை. இருபது வருடம் ஓடியதென்றாலும் கைவிடாது என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கையில் எவ்வளவு எஞ்சினுக்குச் சேர வேண்டியது, எவ்வளவு அதைப் பராமரிக்கும் கைக்குச் சேர வேண்டியது என்பதை, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் சொல்ல முடியும்.

முதலில் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய்

ஸ்டவ்வில் ஸ்பிரிட் செய்கிற வேலையை எஞ்சினில் பெற்றோல் செய்கிறது. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவி விடும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கொடுக்கும். விடியற்காலைக் கடற்கரையில் குளிர்ந்து கிடக்கும் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயை விட்டால், பொறி எவ்வளவு பலமாக இருந்தாலும் ஈரத்தில்தான் விழும்.

ஆகவே வரிசை இது. எரிபொருள் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழை, அது கைக்குள் இறுகும்வரை பிசைய வேண்டும். ஸ்டவ்வில் பம்ப் அடிப்பதைப் போன்றதுதான் இது. சோக்கை இழுத்து, கயிற்றை இழுத்து, பெற்றோலில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சில நிமிடம் ஓடிச் சிலிண்டர் சூடேறிய பிறகு குழாய்த் திருகியை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்ப வேண்டும். காபுரேட்டரில் மிச்சமிருக்கும் பெற்றோல் தீர்ந்து மண்ணெண்ணெய் வந்து சேரும் கணத்தில் சத்தம் மாறும். கூர்மையாக இருந்த ஓசை கொஞ்சம் மந்தமாகும், புகை கூடும். பழகிய காது அந்த மாற்றத்தை வைத்தே எஞ்சின் போதிய சூட்டில் இருக்கிறதா என்று சொல்லிவிடும். மாறிய பிறகு இருமினால், திருப்பியது சீக்கிரம் என்று பொருள்.

கரைக்குத் திரும்பும்போது இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே திருகியைப் பெற்றோலுக்கு மாற்றி, காபுரேட்டர்க் கிண்ணம் முழுக்கப் பெற்றோல் நிற்கும்படி செய்து, பிறகு நிறுத்த வேண்டும். இதைச் செய்தவருக்கு மறுநாள் காலை எஞ்சின் கிளம்பிவிடும். செய்யாதவர் கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெயோடு கயிறு இழுத்துக் கை சோர்வார். பழைய எஞ்சின் சொன்னபடி கேட்கும் என்பதும், பழைய எஞ்சின் சண்டித்தனம் செய்யும் என்பதும் பல நேரம் ஒரே எஞ்சினைப் பற்றிய பேச்சுத்தான். முந்திய நாள் மாலை திருகியைத் திருப்பியவர் யார் என்பதுதான் வித்தியாசம்.

நடுக்கடலில் இது இன்னும் கடுமையான விஷயம். வலை வாங்குவதற்காக எஞ்சினை நிறுத்துகிறார்கள். சிறிது நேரத்தில் மறுபடி கிளப்பினால் சிலிண்டரில் சூடு இருக்கும், மண்ணெண்ணெயிலேயே ஓடும். வலை கனத்து இரண்டு மூன்று மணி நேரம் போய்விட்டால் எஞ்சின் ஆறிவிடும். அப்போது பெற்றோல் வேண்டும். படகில் தனியாக ஒரு சிறு தாங்கிப் பெற்றோல் எப்போதும் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். பெற்றோல் விலை கூடிய காலங்களில் அதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் காபுரேட்டர் வாயில் நேரடியாகப் பெற்றோலைத் தெளித்துக் கிளப்பும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் மூடியில்லாத பெற்றோல், காலடியில் நைலோன் வலை, சுற்றிலும் தப்பி ஓட இடமில்லாத கடல். இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

ஸ்டவ்வின் நிப்பிள் அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்துவோம். காபுரேட்டரிலும் அதே போல ஊசித் துளை ஒன்று இருக்கிறது, ஜெட் என்பார்கள். தூசியும் பழைய பெற்றோலின் பிசினும் அதில் அடைக்கும். இங்கே மட்டும் ஸ்டவ் பழக்கத்தைக் கொண்டுவரக் கூடாது. ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிக் கலவையின் அளவு கெட்டுவிடும். கழற்றிப் பெற்றோலில் ஊற வைத்து, காற்றால் ஊத வேண்டும். தீவுகளுக்குக் கான்களில் போகும் எண்ணெயில் தண்ணீர் சேர்வதும் சாதாரணம். தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் கானைக் கடைசிச் சொட்டுவரை கவிழ்க்காமல் ஊற்றுவது இன்னொரு நல்ல பழக்கம்.

இரண்டு வாசல் ஒரே நேரத்தில்

இனி உள்ளே. சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன். அதற்குக் கீழே கிராங்க் அறை. பிஸ்டன் மேலே போகும்போது கீழ் அறையில் காற்றழுத்தம் குறைகிறது. மெல்லிய தகடான ரீட் வால்வு தானாகத் திறந்து, காற்றும் எரிபொருளும் ஒயிலும் கலந்த கலவை காபுரேட்டரிலிருந்து உள்ளே வருகிறது. அதே வேளையில் பிஸ்டனுக்கு மேலே முன்பு வந்த கலவை நெருக்கப்படுகிறது. உச்சிக்கு வரும் தறுவாயில் பிளக் பொறி விட, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே உதைக்கிறது. கீழே வரும் வழியில் சிலிண்டர்ச் சுவரில் வெட்டியிருக்கும் வாசல்களைப் பிஸ்டனே திறந்துவிடுகிறது. முதலில் புகை போகும் வாசல். அடுத்த கணமே கீழ் அறையிலிருந்து புதுக் கலவை மேலே ஏறும் வாசல். கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள், பிஸ்டனின் ஓர் ஏற்றத்திலும் ஓர் இறக்கத்திலும், எல்லாம் முடிந்துவிடும்; டூ ஸ்ட்ரோக் என்பது இதுதான். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு நொடிக்கு 80 தடவைக்கு மேல் இது நடக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் குறைந்த உறுப்புகள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, தனி ஒயில் தொட்டி இல்லை. பொறிக்கான மின்சாரத்தை ஃபிளைவீலில் பதித்த காந்தமும் அதனடியில் உள்ள கம்பிச் சுருளும் உண்டாக்குகின்றன. பற்றரி வேண்டாம், கணினி வேண்டாம். பொறியை நேரத்துக்கு விடுவதற்கு மிகப் பழையவற்றில் பொயிண்ட் இருக்கும், அதற்குப் பிந்தியவற்றில் சி.டி.ஐ. பெட்டி இருக்கும். பிளக் சாவியும் இரண்டு ஸ்பேனரும் உள்ள ஒருவர் மணலில் சாக்கு விரித்து உட்கார்ந்து பெரும்பாலான கோளாறைச் சரிசெய்துவிடலாம். பாரமும் குறைவு. பழைய 15 எச்.பி. டூ ஸ்ட்ரோக் 35 முதல் 40 கிலோ; அதே வலுவுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவை ஒட்டி வரும். ஒவ்வொரு நாளும் எஞ்சினைத் தோளில் வைத்துக் கரையேற்றுகிறவருக்கு அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ சிறிய விஷயமல்ல. பழைய எஞ்சினின் நற்பெயரில் நேர்மையான பகுதி இது.

குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புகை போகும் வாசலும் கலவை வரும் வாசலும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. உள்ளே வந்த புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே போய்விடுகிறது. காபுரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களில் இந்த இழப்பு கால் பங்கை எட்டலாம், சில வேகங்களில் அதைத் தாண்டியும் போகலாம். அமெரிக்கா 1996இல் படகு எஞ்சின்களுக்கான புகை விதியை அறிவித்து 1998இலிருந்து 2006 வரை படிப்படியாக இறுக்கியதற்கும், அந்தச் சந்தையிலிருந்து இவ்வகை எஞ்சின்கள் மறைந்ததற்கும் இதுவே காரணம். ஆசியா, ஆபிரிக்கா போன்ற இடங்களின் கடற்றொழிலாளர்களுக்காக ஜப்பானியக் கம்பனிகள் அவற்றைத் தொடர்ந்து செய்து அனுப்பின.

மண்ணெண்ணெய்க்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அதிகம் நெருக்கினால் பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். அதனால் மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சினில் சிலிண்டர்த் தலைக்குள் இடம் சற்றுக் கூடுதலாக விட்டிருப்பார்கள்; நெருக்கம் குறையும், வலுவும் கொஞ்சம் குறையும். பெற்றோல் எஞ்சினைத் தடித்த கேஸ்கெட் போட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோரும் உண்டு. இரண்டும் வெளியில் ஒரே மாதிரி இருக்கும். வாங்கும்போது எது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

பிளக் சொல்லும் கதை

ஸ்டவ்வின் மஞ்சள் தீ சட்டியடியில் கரியாகப் படிவதைப் போலவே, அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் கரியாகப் படிகிறது. பிஸ்டன் தலையில், ரிங் உட்காரும் காடியில், புகை வாசலின் விளிம்பில். ரிங் கரியில் ஒட்டிக்கொண்டால் சிலிண்டரை அடைத்து நிற்க முடியாது, நெருக்கம் போய்விடும். புகை வாசல் குறுகினால் எஞ்சின் மூச்சுமுட்டும். ஸ்டவ்வின் பர்னரை அவ்வப்போது சுரண்டித் தட்டிச் சுத்தம் செய்வோமே, அதுபோல எஞ்சினின் தலையைக் கழற்றிக் கரி நீக்குவதும் காலக்கிரமத்தில் செய்ய வேண்டிய வேலை.

உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய முழுதும் கழற்றத் தேவையில்லை. ஓடிவந்த எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடு முனையைச் சுற்றியுள்ள பீங்கான் இளங் கபில நிறமாக இருந்தால் எல்லாம் ஒழுங்கு. காய்ந்த கரி அப்பியிருந்தால் எரிபொருள் கூடுதல், அல்லது சூடு போதாமல் மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். ஈரமாக எண்ணெய் வடிந்தால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரில் பொறி விழவில்லை. பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் எரிபொருள் குறைந்து அதிகச் சூட்டில் ஓடுகிறது. அந்த வெள்ளையில் மின்னும் சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அவை உருகத் தொடங்கிய பிஸ்டனின் அலுமினியம்.

ஒயில் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இந்த எஞ்சினில் கிராங்கின் பெயரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்புத் தருவது எரிபொருளில் கலந்த ஒயில் மட்டும்தான். பெற்றோலுக்கு 50 லீற்றருக்கு 1 லீற்றர் என்பது பரவலான அளவு. மண்ணெண்ணெய்க்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். ஏனென்றால் ஆவியாகாத மண்ணெண்ணெய்த் துளிகள் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு போகும். சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கைநூலில் இருக்கும். கண்மட்டத்துக்கு ஊற்றுவதும், விலை கருதி எந்த ஒயிலையாவது ஊற்றுவதும் பழைய எஞ்சின்களைக் கொல்லும் முதல் காரணங்கள். ஒயில் குறைந்த எஞ்சின் முன்கூட்டிச் சொல்லாது. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, திடீரென்று பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

உப்பும் தங்கூசியும்

இதற்கு மேல் ஸ்டவ் உதவாது. ஸ்டவ்வைக் குளிர வைக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை. எஞ்சினுக்கு அதுதான் உயிர்.

எஞ்சினின் காலுக்குள், கியர்ப் பெட்டிக்குச் சற்று மேலே, இம்பெலர் என்ற ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அது கடல்நீரை உறிஞ்சி மேலே தள்ள, அந்த நீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு எஞ்சினின் பக்கத்தில் உள்ள துளை வழியாக மெல்லிய தாரையாகப் பாயும். படகோட்டியின் கண் அந்தத் தாரையை விட்டு அதிக நேரம் விலகக் கூடாது. விரலை நீட்டிப் பாருங்கள்: வெதுவெதுப்பாக, விட்டு விட்டு வராமல் பாய்ந்தால் நல்லது. தாரை சோர்ந்தால் வேகத்தைக் குறைத்துக் காரணம் தேட வேண்டும். நின்றே விட்டால் எஞ்சினை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை.

புத்தளம் களப்பில் இம்பெலர் சீக்கிரம் தேய்கிறது. பல இடங்களில் ஆழம் ஒன்றிரண்டு மீற்றர்தான். புரொப்பெலர் கிளப்பும் மணலும் சேறும் பாசியும் நீரோடு உள்ளே போகின்றன. ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் குறைந்து வெயில் ஏறும் மாதங்களில் களப்பின் தென்பகுதி நீர் கடலைவிட உப்புக் கரிக்கும். பாலாவிப் பக்கத்து உப்பளங்கள் நிலைத்து நிற்பதற்கும் இந்த வெயிலும் உப்பும்தானே காரணம். அந்த நீர் சூடான சிலிண்டரைச் சுற்றி ஓடி, எஞ்சின் நின்ற பிறகு உள்ளேயே காய்ந்தால், குறுகிய வழிகளில் உப்புப் படிந்து மெல்ல மெல்ல அடைக்கும். மருந்து மலிவானது. கரைக்கு வந்ததும் எஞ்சினின் காலை நன்னீர் நிறைந்த பீப்பாயில் இறக்கிச் சில நிமிடம் ஓட்டினால் உப்புக் கழுவிப் போகும். நன்னீரே அரிதான தீவு வாடிகளில் இது எளிதல்ல என்பது உண்மை. அங்கே ஓடும் எஞ்சின்கள் களப்புக்கரை எஞ்சின்களைவிட முந்திக் கிழடாவதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரில்லாமல் கரையில் வைத்துச் சும்மா கிளப்பிப் பார்ப்பதை அடியோடு விட வேண்டும். காய்ந்த இம்பெலர் சில நொடிகளிலேயே உரசிக் கருகும்.

காலின் அடியில் கியர்ப் பெட்டி. அங்கே எஞ்சின்களைக் கெடுப்பது தங்கூசி என்ற நைலோன் வலை இழை. கிழிந்த வலைத் துண்டு ஒன்று புரொப்பெலரில் சுற்றிக்கொண்டால், அதன் இழை தண்டைச் சுற்றி இறுகி ஒயில் சீலை அறுத்துவிடும். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே கடல்நீர் சொட்டுச் சொட்டாகக் கியர் ஒயிலில் கலக்கும். மெக்கானிக் அடித் திருகைக் கழற்றி விரலில் ஏந்தும் முதல் துளியைப் பார்க்க வேண்டும். தெளிந்த ஒயிலாக இருந்தால் கவலையில்லை. வெளுத்துக் கலங்கியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது. பெயரிங் துருப்பிடித்துப் பற்கள் அரிபடுவதற்கு முன் சீல் மாற்றினால் சிறு செலவோடு போகும். புரொப்பெலரைக் கழற்றிப் பின்னால் சுற்றியிருக்கும் இழைகளை வெட்டி எடுப்பதற்கு ஒருவருக்குக் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். அதை வாரமொரு தடவை செய்கிற படகுகளில் கியர்ப் பெட்டி உடைந்த கதை அபூர்வம்.

நற்பெயர் எங்கிருந்து வருகிறது

இனி அந்த நம்பிக்கைக்கு வருகிறேன். கரையில் இருபது வருட எஞ்சின் ஓடுகிறதென்றால், அதோடு ஒன்றாக வந்த மற்ற எஞ்சின்கள் எங்கே என்று கேட்க வேண்டும். பல இறுகிப்போயின, பல உதிரிப்பாகத்துக்காகக் கழற்றப்பட்டன, சில கடலுக்குள் போயின. தப்பியதைப் பார்த்துவிட்டு எல்லாமே இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். தப்பியதையும் திறந்து பார்த்தால், பிஸ்டன் மாறியிருக்கும், சிலிண்டர் போர் பண்ணியிருக்கும், இம்பெலர் எத்தனையோ தடவை புதிதாகியிருக்கும். மூடியும் உடம்பும்தான் இருபது வருடப் பழசு. அந்த எஞ்சினின் பெருமையில் பெரும்பங்கு அதை வைத்திருந்த குடும்பத்துக்கும் அதைத் திறந்து மூடிய மெக்கானிக்குக்கும் உரியது என்பது என் உறுதியான கருத்து.

பெயரும் உதிரிப்பாகம் கிடைக்கும்வரைதான். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய எஞ்சின், படகின் பின்பலகையில் தொங்கும் இந்த வகையைப் பரவலாக்கியவற்றில் முக்கியமானது. அந்த எவின்ரூட் பெயரிலான எஞ்சின் உற்பத்தி 2020 மே மாதம் நிறுத்தப்பட்டது. 111 வருடப் பெயர். இதற்கு மாறாக, 1960இல் தன் முதல் படகு எஞ்சினை வெளியிட்ட யமஹாவும் 1965இல் வந்த சுசுகியும் ஒரே மாதிரியை நீண்ட காலம் மாற்றாமல் செய்தார்கள். ஒரு வாடியில் உடைந்த எஞ்சினின் பாகம் அடுத்த வாடியில் ஓடும் எஞ்சினுக்குப் பொருந்தியது. பழைய எஞ்சினை நம்பகமாக்கியதில் அதன் உலோகத்துக்கு இருக்கும் பங்கை விட இந்தப் பொருத்தத்துக்கு இருக்கும் பங்கு பெரிது.

மூன்றாவது காரணம் விலை. மண்ணெண்ணெய் எஞ்சின் இலங்கையில் வேரூன்றியது அது மலிவாக இருந்ததால். அந்த மலிவு அரசின் கையில் இருந்தது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாய்க்கு ஏறியபோது சிலாபத்து மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். 15ஆம் திகதி துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். பத்து வருடம் கழித்து, பொருளாதார நெருக்கடியின் நடுவே, எண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த பிறகு, 2022 ஆகஸ்ட் மாதம் 87 ரூபாயாக இருந்த லீற்றர் ஒரே நாளில் 340 ரூபாயானது.

இரண்டு வாசல் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு பயணத்தில் 40 லீற்றர் எரிக்கும் படகில் கால் பங்கு எரியாமல் போனால் அது 10 லீற்றர். லீற்றர் 87 ரூபாயில் அது 870 ரூபாய் நட்டம், சகித்துக்கொள்ளலாம். 340 ரூபாயில் 3,400 ரூபாய். அந்தப் பத்து லீற்றர் போய்ச் சேருவதும் எங்கோ அல்ல. இறாலும் நண்டும் வளரும் களப்பு நீரிலும், 1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் ரீஃப் பவளப்பாறைப் பக்கமும்தான். எரிபொருள் விலை இந்த மட்டத்துக்கும் ஏறக்கூடும் என்று கண்டுவிட்ட பிறகு, நாள்தோறும் நீண்ட தூரம் ஓடும் படகுக்குப் பழைய டூ ஸ்ட்ரோக் சிக்கனம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். கரையோரத்தில் குறைந்த தூரம் ஓடி, நாள்தோறும் தோளில் ஏறும் சிறு எஞ்சினுக்கு அது இன்னும் பொருந்தும். தூரக் கடலுக்குப் போகிறவர்களும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்கப் பயணிகளை ஏற்றிப் போகிறவர்களும், பணத்தைத் திரட்ட முடிந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறுவதே நல்லது. அதன் ஒயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும், அதைத் திறக்கப் பயிற்சி பெற்ற மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைக் கற்பிட்டி, சிலாபம், உடப்பு இளைஞர்களுக்குக் கொடுப்பது எஞ்சின் விற்பவர்களும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

அதுவரை பழையதைத்தான் பலரும் வாங்குவார்கள். வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். போனவுடன் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார், ஆறும்வரை அங்கேயே இருங்கள். குளிர்ந்த எஞ்சின் பெற்றோலில் இரண்டு மூன்று இழுப்புக்குள் கிளம்ப வேண்டும். பிளக்குகளைக் கழற்றி நிறம் பாருங்கள். இரண்டு சிலிண்டர் என்றால் அளவுக் கருவியால் நெருக்கத்தைப் பாருங்கள்; இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வர வேண்டும். கியர் ஒயிலைத் திறந்து பாருங்கள். காலில் பதித்திருக்கும் துத்தநாகக் கட்டியைப் பாருங்கள். அது கரைந்து தீர்ந்திருந்தால் உப்பு இப்போது எஞ்சினின் உடம்பையே தின்றுகொண்டிருக்கிறது. அது கரையாமல் பெயின்ற் பூசி மூடியிருந்தாலும் அதே கதைதான்.

வாங்கிய பிறகும், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும், துடுப்பும் நங்கூரமும் உயிர்காப்பு அங்கியும் மேலதிக பிளக்கும் சிறு தாங்கிப் பெற்றோலும் இல்லாமல் களப்பு வாயைத் தாண்டாதீர்கள். ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒன்று: பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கி, பெற்றோலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம், எவ்வளவு விலை குறைத்தாலும், வாங்காதீர்கள்.